டூ வீலர் கேள்வி – பதில்: கழன்று விழுந்தால் என்ன ஆகும்?

"வண்டியில் நீங்களே வீட்டில் செய்து மாட்டியதைப் பற்றியோ, மாட்ட நினைப்பதைப் பற்றியோ கேளுங்கள்" என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன, எல்லாவற்றுக்கும் இடமில்லை. யார் எதைக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது ஓட்டத்தில் கழன்று விழுந்தால் என்ன ஆகும்? ரோட்டில் விழுந்து தொலையும், அவ்வளவுதான் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சக்கரத்துக்குள் போகும், பிரேக்கைப் பிடிக்க விடாது, புகையும் என்றால் காசு கொடுத்து நல்லதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

"அண்ணா, சாப்பாடு டெலிவரி வேலை பார்க்கிறேன். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து மொபைல் சார்ஜர் போட்டேன். கொஞ்ச நாளாகக் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. மட்டமான சார்ஜரை வாங்கிவிட்டேனா?"
– டெலிவரி செய்பவர், வேளச்சேரி

சார்ஜரைத் திட்டாதீர்கள் தம்பி, ஒயர் எடுத்த இடம்தான் தப்பு. பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் நீங்கள் சாவியை உருவிக்கொண்டு போய்ப் படுத்த பிறகும் சார்ஜர் தூங்காது, அதிலுள்ள நீல லைட்டும் வோல்ட் காட்டும் மீட்டரும் விடிய விடிய உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நூறு சிசி வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் 3, 4 ஏ.எச். பேட்டரி (ஏ.எச். என்பது எவ்வளவு கரண்டைத் தேக்கும் என்ற அளவு). கார் பேட்டரி ஒரு குடம் என்றால் இது ஒரு சொம்பு. அதுவும் இரண்டு வருடம் ஓடித் தளர்ந்த பேட்டரி என்றால் கேட்கவே வேண்டாம்.

சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரிலிருந்து எடுங்கள். ஹெட்லைட் டூமைக் கழற்றினால் உள்ளேயே கிடைக்கும். எது அந்த ஒயர் என்று தெரிந்துகொள்ள மீட்டரெல்லாம் வாங்க வேண்டாம், ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பின் அடியில் ஒன்று, உடம்பில் ஒன்று என்று இரண்டு துண்டு ஒயரைச் சால்டர் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் டெஸ்ட் லேம்ப். ஒரு முனையை வண்டியின் பாடியில், பெயிண்ட் இல்லாத இரும்பில் வைத்து மறுமுனையால் தொட்டுப் பாருங்கள். சாவி போட்டால் எரிந்து, அணைத்தால் அணைய வேண்டும்.

அப்புறம் ஃப்யூஸ். பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். சார்ஜர் கொடுப்பது 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட். 12 வோல்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இழுப்பது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான். 2 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், ஒயர் பிரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். "பெருசா இருந்தா நல்லதுதானே" என்று 15 ஆம்பியர் போட்டால், ஒயர் முழுக்க எரிந்து முடிந்த பிறகும் அந்த ஃப்யூஸ் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ஒயர் 0.75 ஸ்கொயர் எம்எம் போதும். முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல் சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள், வெயிலில் டேப்பின் பசை இளகி அல்வா மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், தொழில் கற்றுக்கொண்ட புதிதில் என் வண்டிக்கு எக்ஸ்ட்ரா ஹாரன் ஒன்று ஃப்யூஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டு பெரிய வித்தைக்காரன் மாதிரி திரிந்தேன். ஹேண்டில்பார் கழுத்துப் பக்கம் ஒயரை இறுக்கி இழுத்துக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஃபிரேமில் உரசி உரசி மேல்தோல் போய், ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது டேங்குக்கு முன்னால் வெள்ளைப் புகை. டேங்குக்கு முன்னால்! பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் குதித்து ஓடியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம், அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒயரைக் கட்டியதும் ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். எங்கேயும் விறைக்கக் கூடாது.

இன்னொன்று, விலை உயர்ந்த போன் என்றால் ஹேண்டிலில் மாட்டுவதற்கு முன் யோசியுங்கள். மோட்டார் சைக்கிள் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது. டெலிவரிக்கு ஒரு பழைய போன் வைத்துக்கொள்வது நல்லது.

"எங்கள் ஊர் தேரி மணலில் வண்டியை சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் வண்டி படுத்துவிடுகிறது. வழி உண்டா?"
– பனங்கற்கண்டு வியாபாரி, திசையன்விளை

செலவில்லாத வழி முதலில். பெயிண்ட் டப்பா மூடி அல்லது உள்ளங்கை அளவு பலகைத் துண்டில் ஓட்டை போட்டு, நீளமான நூல் கட்டி, நூலின் மறுமுனையை ஹேண்டிலில் கட்டிவிடுங்கள். நிறுத்தும்போது கீழே போட்டு அதன்மேல் ஸ்டாண்டை வைப்பது, கிளம்பும்போது நூலைப் பிடித்து மேலே இழுத்துப் பையில் போட்டுக்கொள்வது, குனியவே வேண்டாம். சிரட்டையைக் கவிழ்த்து வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். காலியான வண்டிக்குத் தாங்கும், மூட்டையோடு வைத்தால் உடையும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் வெல்டிங் பட்டறையில் மூன்று அங்குலச் சதுரத் தகடு ஒன்றை ஸ்டாண்டின் பாதத்தில் பற்றவைத்துக்கொள்ளலாம். கனமான தகடாகப் போட்டால் ஸ்டாண்டு உயர்ந்து வண்டி நேராக நிற்கும், லேசாக யாராவது இடித்தால் அந்தப் பக்கம் சாயும். அதனால் 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பற்றவைத்த பிறகு ஸ்டாண்டை மடக்கிப் பாருங்கள், தகட்டின் மூலை செயினையோ சென்டர் ஸ்டாண்டையோ தொடுகிறதா என்று. தொட்டால் கிரைண்டரில் சீவிவிடச் சொல்லுங்கள்.

பட்டறைக்குப் போனதும் பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் ராடைத் தொட விட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் அனேகமாக எல்லாமே ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், உள்ளே இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யூ. என்ற குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. வெல்டிங் கரண்ட் அதற்குள் புகுந்தால் ஐம்பது ரூபாய் வேலை ஆயிரங்களில் முடியும்.

"சாரி கார்டைக் கழற்றிவிட்டால் வண்டி ஸ்லிம்மாக இருக்கிறது. என் வண்டியில் சேலை கட்டியவர் யாரும் ஏறுவதில்லை. கழற்றலாம்தானே?"
– கல்லூரி மாணவர், கோவை

கூடாது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123வது விதி. சேலை கட்டியவர் ஏறமாட்டார் என்கிறீர்கள், உங்கள் அக்காவின் துப்பட்டா? பனியன் கம்பெனி வேலை முடிந்து ராத்திரி லிஃப்ட் கேட்கும் பெண்ணின் ஷால்? சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் ஷால் மாட்டினால் கழுத்தைத்தான் முதலில் இழுக்கும்.

கழற்றுவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் மூடுங்கள். ஹார்டுவேர் கடையில் விற்கும் கெட்டியான பிளாஸ்டிக் வலையில் ஒன்றரை அடி வாங்கி, சாரி கார்டின் கம்பி இடைவெளிகளை மறைத்து உட்பக்கமாக வைத்து, ஒரு சாண் இடைவெளியில் கேபிள் டை போட்டு இறுக்கினால் ஐம்பது அறுபது ரூபாயில் வேலை முடியும். டையின் வாலைச் சக்கரப் பக்கம் விடாமல் வெளிப்பக்கம் வைத்து ஒட்ட நறுக்க வேண்டும். வெயில் பட்ட டை வருடத்துக்குள் நொறுங்கும், கறுப்பு நிற டை கொஞ்சம் அதிக நாள் தாங்கும். மாதம் ஒருமுறை பிடித்து இழுத்துப் பாருங்கள்.

"மழையில் நின்ற வண்டியின் சீட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் பேண்ட் ஈரமாகிவிடுகிறது. ஆபீஸில் மானம் போகிறது!"
– வாசகர், நாகர்கோவில்

சிரிக்காமல் பதில் சொல்ல முயல்கிறேன். ரெக்சினில் தண்ணீர் இறங்காது, தையல் ஓட்டைகளில் இறங்கும். உள்ளே இருக்கும் ஃபோம் குடித்துவைத்துக்கொண்டு, நீங்கள் உட்கார்ந்து அமுக்கியதும் திருப்பித் தரும். சீட்டைக் கழற்றி, அடியில் உள்ள ஸ்டேப்பிள் பின்களை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, ஃபோமை இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு கெட்டியான பாலிதீன் தாளை, கிழிந்த ரெயின்கோட்டாக இருந்தாலும் சரி, ஃபோமுக்கு மேல் போர்த்தி அதற்குமேல் ரெக்சினை இழுத்து மறுபடி பின் அடிக்க வேண்டும். பின் அடிக்கும் துப்பாக்கி சீட் கவர் கடைக்காரரிடம் இருக்கும், டீக்காசு கொடுத்தால் அடித்துத் தருவார். பாலிதீனை ரெக்சினுக்கு மேலே போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு டேங்கின்மேல் போய் விழுவீர்கள்.

"சார், நான் எலக்ட்ரீஷியன். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டெஸ்டர் எல்லாம் பையில் தொங்கவிட்டுப் போனால் முழங்காலில் இடிக்கிறது. சைடு பாக்ஸ் வாங்க வசதியில்லை."
– எலக்ட்ரீஷியன், திண்டுக்கல்

உங்கள் தொழிலுக்கு நான் சொல்லவே வேண்டாம், ஏதாவது ஒரு வீட்டில் வேலை முடிந்து மிச்சம் கிடக்கும் 110 எம்எம் பிவிசி பைப் போதும். ஓர் அடி நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் எண்ட் கேப்பை சொல்யூஷன் போட்டு ஒட்டிவிடுங்கள். மறுமுனைக்கு மரை போட்டுத் திறந்து மூடும் கேப் பிளம்பிங் கடையில் கிடைக்கும், அதன் அடிப்பாகத்தை மட்டும் ஒட்ட வேண்டும், மூடியில் சொல்யூஷன் ஒரு சொட்டுப் பட்டாலும் பெட்டி ஆயுளுக்கும் திறக்காது. அடிப்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை.

எங்கே கட்டுவது என்பதில்தான் விஷயம். நம் ஊர் வண்டிகளில் சைலன்சர் பெரும்பாலும் வலது பக்கம், பிவிசி சூட்டில் சீக்கிரமே இளகிவிடும். எனவே இடது பக்கம், சாரி கார்டின் மேல்கம்பியோடு சேர்த்து இரண்டு ஸ்டீல் ஹோஸ் கிளிப். கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் பைப் சுழன்றுகொண்டே இருக்கும். மூடி பின்பக்கம் பார்த்தபடி, கொஞ்சம் மேலே தூக்கினாற்போல் இருக்கட்டும், மூடி கழன்றாலும் சாமான் ரோட்டில் கொட்டாது. உள்ளே சாமான்களை ஒரு பழைய லுங்கித் துணியில் சுருட்டி வையுங்கள், அப்படியே போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கடகடவென்று சத்தம் வரும். பின்னால் உட்காருபவரின் கால் வைக்கும் இடத்தை மறைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், என்னிடம் வந்த ஒருவர் அழகாகப் பெட்டி செய்துவிட்டு மனைவியை பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"சைலன்சரில் டிரில் போட்டால் புல்லட் சத்தம் வருமாமே?"
– பெயர் வேண்டாம் என்கிறார், மதுரை

சத்தம் வரும், போலீசும் வரும். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டுமே. இது 2019 திருத்தத்தில் வந்தது. உங்கள் தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீடு எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு டிரில்லைத் தூக்குங்கள். அடுத்த கேள்வி.

"பெட்ரோல் டியூபில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று பக்கத்துக் கடையில் 350 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?"
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

வேண்டாம் ஐயா. பெட்ரோல் இரும்புத் தூள் இல்லை, காந்தத்தைக் கண்டு வரிசையில் நிற்க. "எனக்குக் கூடியது" என்று சொல்பவர்கள் காந்தம் மாட்டிய அன்றே டயருக்குக் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மைலேஜ் பார்ப்பதற்காகவே நாற்பதில் ஓட்டியிருப்பார்கள். அந்த மூன்றையும் காந்தம் இல்லாமலே செய்யலாம். காற்று எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கும், பல நூறு சிசி வண்டிகளுக்கு ஒருவர் ஓட்ட முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. செயினை டீசல் தொட்ட துணியால் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு உட்பக்கம் தடவுங்கள். இன்ஜினை ஓடவிட்டுத் துடைக்கவே கூடாது, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான். அவசரப்பட்டு விரல் நுனியைப் பறிகொடுத்த மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும்.

மைலேஜ் அளக்க ஆசையென்றால், கார்புரேட்டர் வண்டிக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கோடு போட்ட பாட்டிலை மாட்டி 100 மில்லிக்கு எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கலாம். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அது சரிப்படாது. ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பி, நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்பி வகுத்துக்கொள்ளுங்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு வகுத்தலை நான் சொல்லித்தருவது அதிகப்பிரசங்கித்தனம்.

"டிசம்பர் காலையில் தோட்டத்துக்குப் போவதற்குள் விரல் மரத்து பிரேக் பிடிக்க வரவில்லை. கிளவுஸ் போட்டும் பத்தவில்லை."
– தேயிலைத் தோட்ட மேஸ்திரி, கோத்தகிரி

விரலை மரக்க வைப்பது குளிரைவிட அதில் அடிக்கும் காற்று. காற்றை மறித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஐந்து லிட்டர் ஆயில் கேன் ஒன்றை நெடுக்காக இரண்டாக அறுத்தால் இரண்டு கைக்கும் இரண்டு கவசம் வந்துவிடும். விளிம்பை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டி மழுக்கிவிட்டு, கண்ணாடித் தண்டின் அடியில் ஒரு கிளாம்ப், ஹேண்டில் நுனியில் ஒரு ஸ்க்ரூ என்று இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் வேகத்தில் காற்று அதை வளைத்து லீவர் மேல் அமுக்கும், கிளட்ச் பக்கம் என்றால் எரிச்சல், பிரேக் பக்கம் என்றால் உங்கள் ஊர் இறக்கத்தில் நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. மாட்டியதும் லீவரை முழுக்க அமுக்கி, கவசத்தைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். தொட்டால் இன்னும் அறுங்கள்.

"மூன்று வயதுக் குழந்தையை என் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் பள்ளிக்கு விடுகிறேன். சீட் பெல்ட் துணி வாங்கி நானே பெல்ட் தைக்கலாமா?"
– வாசகி, ஓசூர்

தையுங்கள் என்று சொல்ல ஆசைதான் அம்மா, இந்தப் பக்கத்தின் வேலையே அதுதானே. ஆனால் முதலில் கேட்ட கேள்வியை இதற்கும் கேளுங்கள், தையல் பிரிந்தால் என்ன ஆகும்? வீட்டுத் தையல் மிஷினின் நூல் அந்த இழுப்பைத் தாங்காது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி வெளியிட்டு, அது 2023 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டை 30 கிலோ வரை தாங்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கொக்கியை மாட்டிப் பலமாக இழுத்துப் பார்த்து வாங்குங்கள். துப்பட்டா முடிச்சு நழுவும், அதன் தொங்கல் சக்கரத்துக்கும் போகும். நாளைக்கே வாங்கிவிடுங்கள்.

"எக்ஸ்எல்லில் வாழைத்தார் ஏற்றிப் போனால் பின்லைட் மறைந்துவிடுகிறது. ராத்திரியில் பயமாக இருக்கிறது."
– விவசாயி, லால்குடி

தாரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் சிவப்பு ரேடியம் ஸ்டிக்கரை ஒட்டுங்கள், ஒட்டும்முன் தின்னர் துணியால் துடைத்தால்தான் நிற்கும். பேர்தான் ரேடியம், உள்ளே இருப்பது பொடிப்பொடிக் கண்ணாடி மணிகள், பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். வெளிச்சம் பட்டால்தான் மின்னும் என்பதால் பின்லைட்டுக்கு மாற்று ஆகாது. லைட்டையே கேரியர் நுனிக்கு நகர்த்தி, ஒயரைக் கேரியர் கம்பிக்குள்ளேயே விட்டுக் கொண்டுபோவது இன்னும் நல்லது. தார் ஏற்றும்போது ஒயர் நசுங்காத பக்கமாகப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

"ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வண்டியில் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?"
– வாசகர், அரியலூர்

ஒரு சைக்கிள் டியூப் வளையம். இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கியது, செலவு பூஜ்யம். சரிவில் நிறுத்தும்போது முன்பிரேக் லீவரை அமுக்கிப் பிடித்து, லீவரையும் கைப்பிடியையும் சேர்த்து அந்த வளையத்தை மாட்டிவிட்டால் வண்டி நகராது, ஹேண்ட் பிரேக் போட்ட மாதிரி. லாரியிலோ ரயிலிலோ வண்டி ஏற்றும்போதும் உதவும். கிளம்பும்போது அவிழ்க்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. போன மாதம் அதை மறந்துவிட்டு, வண்டி ஏன் நகரவில்லை என்று ஐந்து நிமிடம் ஆக்சிலேட்டரை முறுக்கி, கீழே இறங்கி குனிந்து சக்கரத்தைப் பார்த்து, பக்கத்துப் பெட்டிக்கடைப் பையன் வந்து வளையத்தைக் காட்டியபோது, நான் மெக்கானிக் என்று அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.